நீதான் என்று யார் சொன்னது

கிரீன்விச்சில் நள்ளிரவு முடிந்தபோது
கடலூர் துறைமுகத்தில் விடியற்காலை ஐந்தரை.
அந்த நொடியில்
மீனவர் சங்கத்தின் டீசல் டோக்கன் தளம்
செத்துப்போனது.

சாகவில்லை. சரியாகச் சொல்கிறேன்.
சர்வர் ஓடியது, அதன் விசிறி சுழன்றது,
எழுநூற்றுப் பன்னிரண்டு படகின் கணக்கும்
இருந்த இடத்தில் இருந்தது.
தீர்ந்துபோனது சான்றிதழின் தேதி மட்டும்.
அதைப் புதுப்பிக்கும் நிரல்
மூன்று வாரமாகத் தோற்றுத் தோற்று
எனக்கு மெயில் அனுப்பியிருக்கிறது,
நான் திறந்தே பார்க்காத ஒரு பெட்டிக்கு.

ஐந்து முப்பத்தாறுக்குப் போன்.
சோனாங்குப்பம் அலுவலகத்திலிருந்து பரிபூரணம்.
அவள் குரலுக்குப் பின்னால் ஏலம்:
நண்டுக்கு ஒரு தொண்டை, சங்கராவுக்கு ஒரு தொண்டை,
உப்பனாற்றின் அக்கரை வரை கேட்கும் விலை.
"செவப்பா வருதுங்க.
உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்லன்னு."
வரிசையில் இருபது பேராம், கையில் கேனோடு.

மஞ்சக்குப்பத்தில், பாதித் தூக்கத்தில்,
நான் சொல்லிவிட்டேன்:
"கீழ மேம்பட்டவைன்னு இருக்கும், அமுக்குங்க.
அப்புறம் தொடரவும்னு வரும், அதையும்."

பதில் இல்லை. ஐஸ் உடைக்கும் சத்தம்.

"செவப்பு வந்தா
யாரு சொன்னாலும் அமுக்காதன்னு
நீங்கதான சொன்னீங்க?"
"நான்தாங்க இப்பவும் சொல்றேன்."
"நீங்கதான்னு யாரு சொன்னது?"

பதினோரு வருடமாக என் குரல் தெரிந்தவள்.
போன ஐப்பசியில்
பூட்டுப் படம் போட்ட ஒரு போலித் தளத்தில்
மின்கட்டணம் கட்டப் போய்
பதினாலாயிரத்தை விட்டவள்.
பூட்டு இருந்துச்சே, பூட்டு இருந்துச்சே என்று
அன்று முழுக்கக் கேட்டாள்.

பூட்டு பொய் சொல்லவில்லை, பரிபூரணம்.
வழியில் யாரும் ஒட்டுக்கேட்கவில்லை
என்பதுதான் அதன் வாக்கு.
காப்பாற்றியது.
உன் பணத்தை ஒரு கீறல் படாமல்
கள்ளன் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

மாட்டுச் சந்தையில்
துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேரம் பேசுவார்கள்.
சுற்றி நூறு பேர் நிற்கலாம்,
தொகை இரண்டு கைகளுக்கு மட்டும் தெரியும்.
ஆனால் பிடித்திருக்கும் விரல் யாருடையது?
துண்டுக்கு அது தெரியாது.
அதற்குத்தான் ஒருவர் பச்சை மையில் ஒப்பமிடுகிறார்,
இந்தப் பெயர் இவருக்கு உரியதுதான் என்று.
இவருடைய பச்சை மைக்கு இன்னொருவர் பொறுப்பு.
ஏறிக்கொண்டே போனால் உச்சியில் ஒருவர்
தனக்குத்தானே கையெழுத்துப் போட்டுக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறார்.
அவரை நம்பலாமா என்று
உன்னையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை.
போன் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே
உள்ளே அந்த நம்பிக்கையை வைத்து ஒட்டியிருந்தார்கள்.

இதையெல்லாம் நான் சொல்லவில்லை.
"பத்து நிமிஷம்" என்று மட்டும் சொன்னேன்.
இருபத்தெட்டு ஆனது.

காரணம் நான்தான்.
பாதுகாப்புக்கென்று போன மாதம்
எண்பதாம் வாசலை அடைத்திருந்தேன்.
சான்று தருகிறவர் அந்த வாசலில்தான் வந்து தட்டுவார்,
உள்ளே நான் இருக்கிறேனா என்று பார்க்க.
மூன்று வாரம் தட்டித் தட்டித் திரும்பியிருக்கிறார்.
திறந்தேன். நாற்பது நொடியில் வந்தார், பார்த்தார்,
தொண்ணூறு நாளுக்கு
நான் நானே என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"வந்துடுச்சு" என்றாள். நன்றியெல்லாம் இல்லை.
முதல் டோக்கன் செலஸ்தீன் படகுக்கு, எண்பது லிட்டர்.
வரிசை நகரும் சத்தம், கேன்கள் இடிக்கும் சத்தம்.

வைப்பதற்கு முன்னால் கேட்டாள்:
"இது தீர்ற தேதி எங்க போட்டிருக்கும்?"
சொன்னேன். பூட்டைத் தொடு, உள்ளே போ, இரண்டாவது வரி.
பேனா மூடியைப் பல்லால் கழற்றியது கேட்டது.
எங்கே எழுதினாள் என்று தெரியவில்லை.
"அதுக்கு ஒரு வாரம் முன்னாடி நான் கூப்பிடுறேன்" என்றாள்,
"எடுங்க."